மூடி போட்ட பேக் பாய்லர்: கணப்பு மூட்டுவதற்கு முன்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் டான்காஸ்டர் பக்கம், பழைய சுரங்க ஊர் ஒன்றில், 1950-களில் கவுன்சில் கட்டிய வீட்டை வாங்கியிருக்கிறீர்கள். சமையலறையில் காம்பி பாய்லர் (தொட்டி இல்லாமலே வெந்நீரும் வீட்டுக்குச் சூடும் தரும் கேஸ் பாய்லர்) ஓடுகிறது. முன்னறையில் பலகை அடித்து மூடியிருந்த கணப்படுப்பைத் திறந்து பார்த்தால், பின்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அதிலிருந்து இரண்டு தடித்த குழாய்கள் பக்கவாட்டில் போய், புகைபோக்கி ஓரத்து மாடத்தில் அறுபட்டு, மூடி போட்ட நிலையில் நிற்கின்றன. கிறிஸ்துமஸுக்கு விறகு போட்டு மூட்டலாமா, அந்தப் பெட்டியை அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர், "என் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது, இருபது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை" என்றாராம்.

மூட்டாதீர்கள். புகை ஒழுங்காக மேலே போகிறதா என்று பார்க்க ஒரு செய்தித்தாளைக் கொளுத்திப் பார்ப்பது கூட இப்போது வேண்டாம். அந்தப் பெட்டிதான் பேக் பாய்லர். இரண்டு பக்கமும் மூடிய பேக் பாய்லருக்கு முன்னால் நெருப்பு வைப்பது, குக்கரின் வெயிட்டையும் சேஃப்டி வால்வையும் பற்றவைத்து அடைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுவதற்குச் சமம். மிகைப்படுத்தவில்லை. பயன்பாட்டில் இல்லாத பேக் பாய்லர் வெடித்து இங்கே ஆட்கள் செத்திருக்கிறார்கள். பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எச்எஸ்இ இதற்காகவே தனி எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது.

இது எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால், இதில் எது ஆபத்து என்பது தானாகப் புரியும். நிலக்கரி எரியும்போது அதன் சூட்டில் பாதிக்கு மேல் புகைபோக்கி வழியே வீணாகப் போகும். அதில் கொஞ்சத்தைப் பிடித்துக் குளிக்க வெந்நீர் எடுக்கலாம் என்று, நெருப்புக்குப் பின்னால் வார்ப்பிரும்பிலோ எஃகிலோ செம்பிலோ ஒரு தண்ணீர்ப் பெட்டியை வைத்தார்கள். சூடான தண்ணீர் லேசாகி மேல் குழாய் வழியாக மாடியில் இருக்கும் செம்பு சிலிண்டருக்கு ஏறும். ஆறிய தண்ணீர் கனத்துக் கீழ்க் குழாய் வழியாகத் திரும்பி வரும். பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. தானாக ஓட வேண்டும் என்பதால் குழாய்கள் தடிமனாக, பழைய கணக்கில் ஓர் அங்குலம், இப்போதைய கணக்கில் 28 மி.மீ. இருக்கும். கூரைக்கடியில் ஒரு சின்னத் தொட்டி இருக்கும். அதற்கு மேலே வளைந்து, வாய் திறந்தபடி ஒரு குழாய் நிற்கும். நிலக்கரியை சுவிட்ச் போட்டு அணைக்க முடியாது. தண்ணீர் கொதித்தால் ஆவிக்கு ஒரு வழி வேண்டும், அந்தத் திறந்த வாய்தான் வழி. மொத்த அமைப்பின் பாதுகாப்பும் அந்த ஒரு ஓட்டையில்தான் இருந்தது.

சுரங்க ஊர்களில் இந்தப் பெட்டிகள் அதிக காலம் தங்கியதற்கும் காரணம் உண்டு. சுரங்கத் தொழிலாளர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் நிலக்கரி சலுகையாகக் கிடைத்தது. 1967 முதல் 1977 வரை நாடு முழுக்க வடகடல் இயற்கை எரிவாயுவுக்கு மாறிய காலத்திலும், வாசலில் கரி வந்து இறங்கும்போது எதற்கு கேஸ் என்று பலர் இருந்துவிட்டார்கள். பிறகு ஒரு நாள் காம்பி பாய்லர் வந்தது. அதற்குக் கூரைத் தொட்டியும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம். பொருத்த வந்தவர் இரண்டையும் கழற்றி எடுத்துப் போனார். பேக் பாய்லரை எடுக்க வேண்டுமானால் கணப்பை உடைக்க வேண்டும், முன்னறை முழுக்கக் கரித்தூள் பறக்கும், வீட்டுக்காரரிடம் கூடுதல் காசு கேட்க வேண்டும். அதனால் குழாயை அறுத்து, மூடியை மாட்டிவிட்டுப் போனார்.

குழாய் வேலை செய்பவனுக்கு அறுந்த குழாயைக் கண்டால் கை தானாக மூடியைத் தேடும். நானும் அந்த வேலையில் இருப்பவன்தான், அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. வேறு எந்த இடத்திலும் அது சரியான பழக்கம். இங்கே மட்டும் அதுதான் ஆளைக் கொல்லும்.

"தண்ணீரை வடித்துவிட்டுத்தானே மூடியிருப்பார்கள்?" என்று கேட்கலாம். வடித்திருந்தாலும் பெட்டி காய்ந்திருக்காது. கீழ்க் குழாய் பெரும்பாலும் பெட்டியின் அடிமட்டத்திலிருந்து கொஞ்சம் மேலேதான் இணைந்திருக்கும். அதற்குக் கீழே இருக்கும் தண்ணீர் எந்த வழியிலும் வெளியே வராது, துருச் சேற்றோடு தங்கிவிடும். வெறும் காற்றாக இருந்தால் பெரிய பயமில்லை. மூடிய பெட்டிக்குள் காற்றை 600 டிகிரிக்குச் சூடாக்கினாலும் அழுத்தம் மூன்று மடங்குதான் ஆகும். தண்ணீரின் கதையே வேறு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும். பெரிய துணி அலமாரி ஒன்றை நிரப்பி மிஞ்சும் அளவு அது. இடம் கிடைக்காதபோது அழுத்தம் ஏறும். 180 டிகிரியில் ஏறக்குறைய 10 பார், 200 டிகிரியில் 15 பார், 250 டிகிரியில் 40 பார். அந்தப் பெட்டி தன் வாழ்நாளில் தாங்கியதெல்லாம் கூரைத் தொட்டியின் உயரம் தந்த அரை பார் அழுத்தம்தான். கணகணவென்று இருக்கும் கரிப் படுகை 800 டிகிரியைத் தாண்டும். ஐம்பது வருஷத் துரு தின்ற வார்ப்பிரும்பு நீளவோ வீங்கவோ செய்யாது, ஒரே நொடியில் துண்டு துண்டாகச் சிதறும். எதிரே சோஃபாவில் ஆள் இருப்பார்கள்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். முதலில், அது கரி பாய்லர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இதே இடத்தில் கேஸ் பேக் பாய்லர் என்று ஒன்றும் உண்டு. முன்னால் கேஸ் கணப்பு, பின்னால் கேஸில் ஓடும் பாய்லர், அதற்கு ஒரு கேஸ் குழாய். ஒரே ஒரு கேஸ் குழாய் கண்ணில் பட்டாலும் கையை எடுத்துவிடுங்கள். கேஸ் சேஃப் பதிவு பெற்றவர் தவிர வேறு யாரும் அதில் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். கரிக்கு, விறகுக்கு உரிய பதிவு ஹெடாஸ். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உங்களுடையது கரி பாய்லர்தான். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நெருப்பு எரியும் இடத்துக்கு மேலே இழுத்துத் தள்ளும் கம்பியோடு ஒரு இரும்புத் தகடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். சூட்டைப் பாய்லர் பக்கம் திருப்புவதற்கான தகடு அது.

இரண்டாவது ஆஸ்பெஸ்டாஸ். இந்த நாட்டில் அது முழுமையாகத் தடை செய்யப்பட்டது 1999-ல்தான். உங்கள் வீட்டின் வயதுக்கு, பாய்லரைச் சுற்றியும் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்திலும் வெள்ளைக் கயிறு போல, மாவுப் பூச்சு போல, சாம்பல் நிறப் பலகை போல ஏதாவது இருந்தால் சுரண்டாதீர்கள், துடைப்பத்தால் தட்டாதீர்கள். மாதிரியைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி முடிவு வரும் வரை காத்திருங்கள். அந்த மாதிரியை எடுப்பதையும் அதற்கான ஆளிடம் விடுவதே நல்லது. வெடிப்பைப் பற்றிக் கேட்டதும் பயப்படுகிறவர்கள் இதைக் கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள். நுரையீரலுக்குள் போன இழை முப்பது நாற்பது வருஷம் கழித்துக் கணக்கு கேட்கும்.

மூன்றாவது, அந்த மூடிகளைத் திறப்பது. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வேலையிலேயே இதுதான் கவனம் கேட்கும் இடம்.

மூடி ஈயம் வைத்துப் பற்றியதாக இருந்தால், அதை உருக்க யாராவது புளோலாம்ப்பை (தீச்சுவாலை விளக்கை) எடுப்பார்கள். கூடாது. மூடிய குழாயைச் சூடாக்குவதும் மூடிய பாய்லரைச் சூடாக்குவதும் ஒன்றுதான். இன்னொரு காரணமும் இருக்கிறது. காற்றுப் புகாத இடத்தில் தண்ணீரும் இரும்பும் பல வருஷம் சேர்ந்து கிடந்தால், துருப்பிடிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகும். ரேடியேட்டரின் மேல் மூலையில் சேரும் 'காற்று' பல நேரங்களில் இதுதான், தீக்குச்சி காட்டினால் பற்றிக்கொள்ளும். ஒரு வீட்டில் இப்படி மூடிய குழாயின் நட்டை நான் அரைச் சுற்றுத் திருப்பியதும் 'உஸ்'ஸென்று நீண்ட சத்தம் வந்தது. யாரும் நெருப்பே மூட்டாத பாய்லர் அது. அன்றிலிருந்து ஜன்னலைத் திறந்து வைக்காமல், அறையில் எரியும் எதையும் அணைக்காமல் நான் முதல் மூடியைத் தொடுவதில்லை. தீப்பொறி பறக்கவிடும் கிரைண்டரும் அந்த நிமிடத்தில் வேண்டாம்.

திருகு மூடி என்றால் இரண்டு ஸ்பேனர் போட்டு மெதுவாக, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். முகத்தை நேராக வைக்காதீர்கள். கீழே ஒரு தட்டு, பக்கத்தில் பழைய துண்டுகள். காற்று வெளியேறும் சத்தம் அடங்கிய பிறகு முழுதாகக் கழற்றலாம். ஈயம் வைத்த மூடி என்றால் கையால் சுற்றும் குழாய் வெட்டியால் மூடிக்குப் பின்னால் அறுத்துவிடுங்கள். மேல் குழாயை முதலில் திறப்பது நல்லது. காற்று உள்ளே போனால்தான் கீழ்க் குழாயிலிருந்து தண்ணீர் ஒழுங்காக வரும். வருவது கறுப்பு மை போல இருக்கும், தரைவிரிப்பில் பட்டால் போகாது. வடிந்தது வடிந்த பிறகு, தண்ணீர் உறிஞ்சும் வாக்யூம் கிளீனரின் குழலைக் கீழ்க் குழாய்க்குள் விட்டு, அடியில் நிற்பதையும் இழுத்துவிடுங்கள்.

ஒரு நுணுக்கம் உண்டு. குழாயை நடுவில் அறுத்தால் இரண்டு முனை வரும். பாய்லர் பக்கத்து முனை திறந்தே இருக்க வேண்டும். வீட்டின் ஓடுகிற அமைப்போடு இன்னும் சேர்ந்திருக்கும் முனை ஏதாவது இருந்தால் அதைத்தான் மூட வேண்டும். உங்கள் வீட்டில் சிலிண்டரும் தொட்டியும் போய்விட்டதால் அநேகமாக இந்தக் குழப்பம் இல்லை. ஆனாலும் குழாய் எங்கே போகிறது என்பதைக் கண்ணால் பின்தொடர்ந்து பார்த்துவிடுங்கள்.

இன்னும் சிலிண்டரோடு இணைந்திருக்கும் பேக் பாய்லர் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம், அவர்களுக்காகக் கொஞ்சம். சாம்பல் முழுக்க ஆறியிருக்க வேண்டும், ஒரு நாள் விட்டுவிடுங்கள். சிலிண்டரில் இம்மெர்ஷன் ஹீட்டர் இருந்தால் அதன் மின்சாரத்தைத் துண்டியுங்கள். காலி சிலிண்டரில் அது ஓடினால் எரிந்துபோகும். கூரைத் தொட்டிக்கு வரும் தண்ணீரை நிறுத்த, தனி வால்வு இல்லையென்றால், மிதவையின் கையைத் தூக்கி மேலே ஒரு மரக்கட்டையில் கயிறு போட்டுக் கட்டிவிடலாம். தொட்டியின் அடியில் இருக்கும் கறுப்புச் சேற்றைக் கிண்ணத்தால் அள்ளிவிட்டு வடியுங்கள், இல்லாவிட்டால் அது இறங்கிக் குழாயை அடைக்கும். பழைய வீடுகளில் சிலிண்டருக்குள் பாய்லர் தண்ணீரைப் பிரித்து வைக்கும் சுருள் இல்லாமல், பாய்லரில் கொதித்த தண்ணீரே நேராகக் குழாயில் வரும் அமைப்பும் உண்டு. குளிக்கும் தண்ணீர் பழுப்பாக வந்தால் அதைச் சந்தேகிக்கலாம். அப்போது சிலிண்டரில் இருக்கும் நூற்றுச் சொச்சம் லிட்டரும் சேர்ந்துதான் வடியும், ஹோஸை வெளியே சாக்கடை வரை கொண்டுபோங்கள்.

பேக் பாய்லரும் இன்னொரு பாய்லரும் ஒரே குழாய்களைப் பங்குபோடும் வீடுகளில் ஒருபோதும் யூகத்தில் அறுக்காதீர்கள். மேலே போகும் அந்தத் திறந்த வாய்க் குழாய், இப்போது ஓடும் பாய்லருக்கும் உயிர்க்குழாயாக இருக்கலாம். குளியலறையில் வால்வே இல்லாத ரேடியேட்டரோ துண்டு உலர்த்தும் கம்பியோ இருந்தால், அதுவும் இந்தக் கரி நெருப்பின் உபரிச் சூட்டை வாங்க வைத்ததுதான். அதையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த மாதிரி வீட்டுக்கு ஹெடாஸ் ஆளைக் கூப்பிடுங்கள், வேறு பேச்சே இல்லை.

உங்கள் பெட்டிக்குத் திரும்புவோம். திறந்தாகிவிட்டது, வடித்தாகிவிட்டது. இனி இரண்டு வழி.

நெருப்பு மூட்டும் எண்ணம் இருந்தால், பாய்லரை வெளியே எடுத்தே ஆக வேண்டும். தண்ணீர் இல்லாத பாய்லர் வெடிக்காமல் இருக்கலாம், ஆனால் சூட்டில் வளைந்து, விரிசல் விட்டு, பின்னால் இருக்கும் சுவரையும் கெடுக்கும். எடுப்பதற்கு முன் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வையுங்கள், இல்லாவிட்டால் முதல் சுத்தியல் அடியில் காக்கைக்கூடும் கரியும் தலையில் விழும். அறையைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, நல்ல முகக்கவசம், கண்ணாடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பாய்லரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் பக்கத்துச் சுடுமண் துண்டுகளும் மேலே இருக்கும் காரையும்தான். அவற்றைத் தட்டி எடுத்து, குழாய்களைப் பாய்லரை ஒட்டி அறுத்தால் ஆடத் தொடங்கும். பழைய இரும்புக் குழாயின் திருகு அசையவே அசையாது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், அறுத்துவிடலாம். இருவர் சேர்ந்து தூக்கும் எடை இருக்கும். வார்ப்பிரும்பு என்றால் இருந்த இடத்திலேயே சம்மட்டியால் உடைத்துத் துண்டாக எடுப்பதும் உண்டு. அதெல்லாம் திறந்து, வடித்து முடித்த பெட்டிக்குத்தான். எஃகு என்றால் அடித்துப் பிரயோஜனமில்லை, முழுதாகத்தான் வரும்.

எடுத்த பிறகு ஒரு பெரிய பொந்து இருக்கும். பாய்லருக்காகப் பின்னால் விட்டிருந்த புகைவழியும் அதில் சேர்ந்திருக்கலாம். அதை அடைத்து, அந்த இழுப்புத் தகட்டையும் கழற்றிவிட்டு, சாதாரண சுடுமண் பின்சுவர் வைக்க வேண்டும். ஃபயர்பேக் என்று கேட்டால் கட்டுமானக் கடையில் கிடைக்கும். பழைய கொத்தனார்கள் செய்யும் ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஃபயர்பேக்கின் முதுகில் நெளி அட்டையைச் சுற்றி, அதற்குப் பின்னால் வெர்மிகுலைட்டும் (சூடு தாங்கும் லேசான கனிமத் துகள்) சுண்ணாம்பும் கலந்த மெலிந்த கலவையை நிரப்புவார்கள். கணப்பு எரிய எரிய அட்டை கருகிப் போகும். அது விட்டுப்போகும் மெல்லிய இடைவெளியில் சுடுமண் விரிந்து சுருங்கிக்கொள்ளும். அட்டை வைக்காத ஃபயர்பேக்கில் சீக்கிரமே விரிசல் விழும்.

அதன் பிறகு புகைபோக்கிக்குப் புகைச் சோதனை, அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம். உங்கள் தெரு புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியா என்று கவுன்சிலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி என்றால் திறந்த கணப்பில் விறகு எரிக்க முடியாது, புகையில்லாக் கரி மட்டும்தான். வீடுகளுக்குச் சாதாரண நிலக்கரி விற்பது 2023 மே மாதத்தோடு இங்கிலாந்தில் நின்றுவிட்டது. திறந்த கணப்புக்குப் பதிலாக விறகு ஸ்டவ் வைக்கப் போகிறீர்கள் என்றால், ஹெடாஸ் ஆள் வைத்துச் செய்வது அல்லது கவுன்சிலின் கட்டட ஆய்வுப் பிரிவுக்குத் தெரிவித்துச் செய்வது, இரண்டில் ஒன்று கட்டாயம்.

இரண்டாவது வழி, நெருப்பே வேண்டாம், கணப்பை மூடி டிவி மாட்டிக்கொள்கிறோம் என்பவர்களுக்கு. பாய்லரை உள்ளேயே விடலாம். ஆனால் குழாய் வாய்கள் இரண்டும் திறந்திருக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கத்தில், அடிமட்டத்தை ஒட்டி 10, 12 மி.மீ. அளவில் ஓரிரு துளையும் போட வேண்டும். நாளைக்கு யாரோ ஒருவர் குழாய் வாயைப் பார்த்து மறுபடி மூடி மாட்டினாலும், துளை காப்பாற்றும். மேல் குழாய் வழியாக உலர்ந்த மணலை நிரப்புவது இன்னும் நல்லது, தண்ணீர் தங்க இடமே இருக்காது. நடைபாதைக் கற்களுக்கு இடையே கொட்ட விற்கும் சூளையில் உலர்த்திய மணல் சரியாக இருக்கும். தோட்டத்து மூலையில் மழையில் நனைந்து கிடக்கும் மணலைப் போட்டால் செய்த வேலைக்கே அர்த்தமில்லை. மணல் துளை வழியே கொட்டாமலிருக்க, கொஞ்சம் ராக்வூலை (எரியாத கனிமப் பஞ்சு) தளர்வாகச் செருகுங்கள். சிமென்ட் வைத்துப் பூசாதீர்கள்.

கணப்பின் வாயைப் பலகையால் மூடும்போது அதில் ஒரு காற்றுச் சல்லடை வையுங்கள். புகைபோக்கியின் உச்சிக்கு மழை விழாத, காற்றுப் போகும் தொப்பி. இரண்டும் இல்லையென்றால் சுவரில் ஈரம் படியும். பிறகு மணல் நிரப்பிய பாய்லரின் மேல், அழியாத தகட்டில் எழுதி ஒட்டுங்கள்: பாய்லர் உள்ளே இருக்கிறது, வடித்துத் துளையிட்டிருக்கிறது, குழாயை மூடாதே, முன்னால் நெருப்பு மூட்டாதே. அதை ஆங்கிலத்தில் எழுதுங்கள், பத்து வருஷம் கழித்து இந்தப் பலகையைக் கழற்றப் போவது யாரோ. ஒரு புகைப்படத்தை எடுத்து வீட்டுப் பத்திரத்தோடும் வைத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் எடுத்துவிடுங்கள் என்பேன். உங்களுக்குக் கணப்பு வேண்டும் என்பதும் ஒரு காரணம். மணல் வழி சரியானதுதான், ஆனால் அது அடுத்து வரும் ஆள் படிப்பதை நம்பி இருக்கிறது. செலவில் கொஞ்சம் திரும்பியும் வரும். செம்புக் குழாயையும் வார்ப்பிரும்பையும் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்ன இருபது வருஷக் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அவர் வீட்டில் கேஸ் வந்த பிறகு அந்தக் கணப்பை யாராவது மூட்டினார்களா என்று கேளுங்கள். மூட்டியிருக்க மாட்டார்கள். கரண்ட் போன ஒரு ஜனவரி இரவில், பேரப்பிள்ளைகள் குளிரில் நடுங்கும்போது, அவருக்கு அந்த எண்ணம் வரலாம். டார்ச்சோடு போய் அவருடைய கணப்பையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.